இறைவன் முற்றறிவும் உயிரின் உரிமையும்

இறைவன் எல்லாம் அறிந்தவன் என்பது சைவ நன்மக்கள் அனைவர்க்கும் உடன்பாடு. முற்றுமுணர்தல் அவனுடைய எண்குணங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. நல்வினை தீவினைகளைச் செய்வது உயிரே என்பதும், செய்தவற்றின் பயனைச் செய்த உயிரே நுகரும் என்பதும் அவர்க்கு உடன்பாடே. இவ்விரண்டும் தனித்தனி நோக்குங்கால் ஐயத்திற்கு இடந்தாரா. ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஒரு வினா எழுகின்றது. நாளை ஒருவன் பொய்யுரைப்பான் என்பதை இறைவன் இன்றே அறிவானாயின், அவன் பொய்யுரையாதிருத்தல் கூடுமோ? கூடுமெனின் இறைவனது அறிவு பிழைபடும். கூடாதெனின், தவிர்க்கவியலாத ஒன்றைச் செய்தவன்மேல் குற்றஞ் சுமத்துதல் முறையாகுமோ?

இஃது ஏட்டளவில் நின்றொழியும் வினா அன்று. 'அவனன்றி ஓரணுவும் அசையாது' என்னும் பழமொழி காவிரி பாயும் சோழநாட்டு ஊர்களில் வழங்கிவருவது. அதனைக் கூறுவார் மூவகையினராவர். உழவேண்டிய காலத்தில் உழாதிருந்து, விளைவது எப்படியும் விளையும் எனச் சோம்பியிருப்பவன் அதனைக் கூறுகின்றான். பிறன் பொருளைக் கவர்ந்தவன், கவரச் செய்தவனும் அவனே எனக் கூறித் தன் நெஞ்சின் குத்தலை ஆற்றிக்கொள்கின்றான். வாயிலில் வந்து நின்ற ஏழையை நோக்கி, உன் விதி இது என்று கூறிக் கதவடைப்பவனும் அதனையே கூறுகின்றான். மெய்யடியார் கூறுங்கால் திருவருளைக் காட்டும் மொழி, இம்மூவர் வாயிலும் மடிமைக்கும் களவுக்கும் வன்கண்மைக்கும் போர்வையாகின்றது. ஆதலின் இவ்வையத்தை அறுத்தல் அறத்தைக் காத்தற்கும் இன்றியமையாததாகின்றது.

முதற்கண், அறிவது வேறு, செய்விப்பது வேறு என்பதனை உணர்தல் வேண்டும். மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் முடிவுற்றபின், ஆண்டுதோறும் சூன் 12-ஆம் நாள் பாசனத்திற்கு நீர் திறத்தல் வழக்கமாயிற்று. நீர்வரத்துக் குன்றிய ஆண்டுகளில் அந்நாள் பிற்பட்டதும் உண்டு. திறந்த நீர் கல்லணையை எப்போது சேரும், அங்குநின்று காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து கடைமடையை எப்போது எட்டும் என்பதனை ஆற்றோடு பழகியவர் முன்னரே கூறுவர். அவர் அறிந்ததனால் நீர் ஓடுகின்றதில்லை. நீர் ஓடுமாற்றை அவர் அறிந்துள்ளனர். அறிவு அறியப்படும் பொருளைப் பின்பற்றிச் செல்வதேயன்றி அதனை உந்துவது அன்று.

அற்றேல், மாந்தர் அறிவு பிழைத்தலும் உண்டு. இறைவன் அறிவோ பிழையாதது. பிழையாத அறிவுக்குப் பொருளாயது வேறுபட நிகழ்தல் கூடாதன்றோ எனின், ஈண்டு 'முன்னர் அறிதல்' என்னும் சொல்லே மயக்கத்திற்கு ஏதுவாயிற்று என்க. காலம் என்பது அசுத்த மாயையினின்று தோன்றும் வித்தியா தத்துவங்களுள் ஒன்று. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் பகுப்பு அதற்கு உட்பட்ட உயிர்கட்கே உரியது. மாயைக்கு மேற்பட்ட இறைவனுக்கு இன்று என்பதும் நாளை என்பதும் இல்லை. உயிர் ஒவ்வொன்றாகச் சுட்டி அறிவது. அவன் சுட்டுதலின்றி அனைத்தையும் ஒருங்கே அறிபவன். குளத்தில் ஒருவன் மூழ்கி எழுதலைக் கரையில் நிற்பவன் கண்ணாற் காண்கின்றான். காணுங்கால் அவன் மூழ்குதல் உறுதியே. ஆயினும் மூழ்குவித்தது காண்பான் கண் அன்று. இறைவனது காட்சியில் நாளைய செயலும் இவ்வாறே கிடக்கின்றது. உயிர் வேறொன்று செய்யுமாயின் அவ்வேறொன்றே அக்காட்சியில் விளங்கும்.

இவ்விடையைப் பிறநாட்டறிஞரும் கண்டுள்ளனர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த போயீத்தியசு என்பார், சிறையிற் கிடந்து கொலைத்தண்டத்தை எதிர்நோக்கியிருந்த காலத்தில் இயற்றிய நூலில், இறைவனது அறிவு முக்காலத்தையும் என்றும் நிகழ்வாகவே காண்பது எனவும், கண்டதனால் காணப்பட்டது கட்டுண்ணாது எனவும் நாட்டினார். இது நல்விடையே. ஆயினும் சித்தாந்திக்கு இது மட்டும் போதாது. ஏனெனில், சைவர் வணங்கும் முதல்வன் கரையில் நின்று வாளா காண்பவன் அல்லன். ஐந்தொழில் இயற்றுபவன், வினைப்பயனை ஊட்டுபவன், உயிருக்கு உயிராய் உடனிருப்பவன். பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாதவாறுபோல, உயிர்களும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாதிருக்கின்றன எனச் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம் உணர்த்துகின்றது. கண்ணுக்கு உயிர் காட்டியும் கண்டும் நிற்பதுபோல, உயிருக்கு இறைவன் காட்டியும் கண்டும் நிற்கின்றான் என்பது பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்துள் இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என வகுத்து விளக்கினார். அவன் காட்டாதவழி உயிர் ஒன்றையும் காணாது என்றால், தீயதைக் கண்டு அவாவியதிலும் அவனுக்குப் பங்குண்டோ என்னும் வினா முன்னையினும் வலிதாய் எழுகின்றது.

இதற்கு விடை உயிரின் இயல்பில் உள்ளது. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூவாற்றலும் உயிருக்கு இயல்பாகவே உள்ளன. ஆயினும் ஆணவமலம் அவற்றை அநாதியே மறைத்து நிற்கின்றது. கேவல நிலையில் கிடக்கும் உயிருக்கு விழைதலும் இல்லை, அறிதலும் இல்லை, செய்தலும் இல்லை. அந்நிலையில் அதற்கு உரிமை உண்டு என்பது, இருளில் அடைபட்டவன் கண்ணுக்குக் காணும் உரிமை உண்டு என்பது போல்வதாகும். இறைவன் மாயையினின்று கலையைத் தோற்றுவித்துச் செயலாற்றலை எழுப்புகின்றான். வித்தையால் அறிவை விளக்குகின்றான். அராகத்தால் விழைவைக் கிளர்த்துகின்றான். உடம்பும் கருவியும் உலகும் நுகர்பொருளும் தருகின்றான். உயிர் ஒன்றை விரும்பவும், இதுவோ அதுவோ எனத் தேரவும், தேர்ந்ததைச் செய்யவும் வல்லதாயது இதன் பின்னரே. ஆகவே, இறைவன் அறிவும் ஆற்றலும் உயிரின் உரிமையைப் பறிக்குமோ என்னும் வினாவே தலைதடுமாறியதாகும். பறித்து வைத்திருந்தது ஆணவம். மீட்டுத் தருபவன் இறைவன்.

மீட்டுத் தந்த உரிமையால் உயிர் தீயதை நாடுமாயின், நாட்டம் உயிரினது. நாடும் ஆற்றலை விளக்கியது மட்டும் அவனது. காவிரி நீர் வயலிற் பாயுங்கால் நெல்லும் வளர்கின்றது, கோரையும் வளர்கின்றது. நீரின்றி இரண்டும் இல்லை. ஆயினும் கோரை முளைத்தது நிலத்துட் கிடந்த கோரைக் கிழங்கினாலேயன்றி நீரினால் அன்று. கோரை மண்டிய வயலைக் கண்டு ஆற்றை நோகும் உழவன் சோழநாட்டில் இல்லை. அவன் குனிந்து களை பறிக்கின்றான்.

ஈண்டு நியதி என்னும் சொல்லையும் ஆராய்தல் தகும். யாவும் நியதியின்படியே நிகழும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று கொண்டவர் ஆசீவகர். அவர் கொள்கையை மணிமேகலையும் நீலகேசியும் எடுத்துரைக்கின்றன. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்துள் வைத்து மறுக்கின்றார். சித்தாந்தத்திலும் நியதி உண்டு. ஆனால் அது தத்துவங்களுள் ஒன்று, சடம், செய்தவன் வினை செய்தவனையே சாரும்படி வரையறுப்பது அதன் தொழில். ஆசீவகர் நியதி செய்பவனை இல்லையாக்குகின்றது. சித்தாந்த நியதி செய்பவனை இன்னான் என நிலைபெறுத்துகின்றது. ஒரு சொல் இரு நெறியிலும் வழங்குதலால் இரண்டையும் ஒன்றெனக் கருதி, விதி என்றவுடன் முயற்சியைக் கைவிடுவோர் தம்மையறியாமலே ஆசீவகராகின்றனர்.

வினையின் மூவகையும் இதனையே வலியுறுத்தும். வினைப்பயன் இப்பிறப்பில் உணவாகவும், வரும் பிறப்பிற்கு வித்தாகவும் நிற்றலைச் சித்தியார் உழவுத்தொழிலின் மேல் வைத்து உணர்த்துகின்றது. பத்தாயத்தில் நிறைந்துள்ள நெல் சஞ்சிதம் போல்வது. அதனினின்று இன்று உலையில் இட்டது பிராரத்தம் போல்வது. உண்ட வலிமையால் உழுது இனி விளைப்பது ஆகாமியம் போல்வது. உலையில் இட்டதை மீளப் பத்தாயத்தில் இடுதல் யார்க்கும் இயலாது. நாற்றங்காலில் எதனை விதைப்பது என்பதோ இன்னும் உழவன் கையில் உள்ளது. குறுவைக்கு நீர் வாராத ஆண்டில் பயிர் வாடுதல் பிராரத்தத்தின்பாற் படும். அவ்வாண்டில் இரவோடு இரவாக அண்டை வயலின் மடையை உடைப்பதும், உள்ள நீரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதும் பிராரத்தத்தின்பாற் படா. அவை ஆகாமியம். வருவது உயிரின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. வந்ததன்முன் எவ்வாறு நிற்பது என்பது உயிரின் விருப்பத்திற்கு உட்பட்டது.

அவ்விருப்பமும் பழவினை வழியே எழுவதன்றோ எனின், சாய்வு பழவினையால் வருவதாகலாம். சாய்வு கட்டாயம் அன்று. கட்டாயமாயின் வேதாகமங்களில் இதனைச் செய்க, இதனைச் செய்யற்க என விதித்தலும் விலக்கலும் பயனிலவாம். கேளாச் செவிக்கு எவரும் அறிவுரை கூறார். முற்றறிவுடையவன் இயலாத ஒன்றை ஏவான். அவன் ஆகமம் அருளியதும், குருவாய் எழுந்தருளித் தீக்கை செய்வதும், உயிர் கேட்டுத் திருந்தவல்லது என அவன் அறிந்துள்ளான் என்பதற்குச் சான்று. ஆகவே முற்றறிவே உயிரின் உரிமைக்கு உறுதிச் சீட்டாகின்றது.

பொதுவிற் கூறிய இதனைச் சோழநாட்டுத் தலங்கள் இரண்டில் நிகழ்ந்தவற்றால் தெளியலாம்.

திருவாரூரில் பரவையாருடன் வாழ்ந்த நம்பியாரூரர் தொண்டைநாட்டுத் திருவொற்றியூரை அடைந்து, இறைவனுக்குப் பூமாலை தொடுத்துவந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். அவரைத் தமக்குத் தரும்படி இறைவனையே வேண்டினார். ஆரூரை மறவாதவர் தம்மை எங்ஙனம் பிரியாதிருப்பர் எனச் சங்கிலியார் ஐயுற்றார். பிரியேன் எனச் சூளுரைத்தல் வேண்டும் என்று இறைவன் நம்பியாரூரர்க்குக் கூற, அவர், சூளுரைக்கும் வேளையில் பெருமான் திருமுன்பை விட்டு மகிழின்கீழ் எழுந்தருள வேண்டும் என வேண்டிக்கொண்டார். இறைவன் அதற்கும் இசைந்தான். பின்னர்ச் சங்கிலியார் கனவிற் சென்று, மகிழின்கீழே சூளுரைக்கச் செய்க என்றும் உணர்த்தினான். அவ்வாறே சூளுரை நிகழ்ந்தது. வேனிற்காலம் வந்தது; ஆரூர் நினைவு மீதூர்ந்தது; நம்பியாரூரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; இரு கண்ணும் மறைந்தன.

சூள் பிழைபடும் என்பதை இறைவன் அறிவான். அறிந்தே இசைந்தான் என்றால் பிழைக்கு அவனே காரணனோ? நிகழ்ச்சியை ஊன்றி நோக்குக. மகிழின்கீழ்ச் செல்க என வேண்டியது நம்பியாரூரர் உள்ளம். பிரிந்து செல்லற்கு ஒரு வழியை ஒளித்து வைத்த நாட்டம் அதில் இருந்தது. இறைவன் அந்நாட்டத்தைப் புகுத்தவில்லை. வேண்டியதை மறுக்கவும் இல்லை. அவனது முற்றறிவு அந்நிகழ்ச்சியில் ஆற்றிய தொழில் ஒன்றே: சங்கிலியார் கனவிற் சென்று, வஞ்சிக்கப்படவிருந்தவர்க்கு வலிய சூளைப் பெற்றுத் தந்தது. எங்கும் நிறைந்தவனைக் கருவறையினின்று பெயர்த்துவிடலாம் என்னும் எண்ணம் பொருந்தாது என்பதனை உலகம் அதனால் உணர்ந்தது. அறிவு பிழை செய்வாரைப் பிணிக்கப் பயன்படவில்லை. பிழைக்கு ஆளாவாரைக் காக்கப் பயன்பட்டது.

இஃது ஆளுடைய நம்பிகள்மேல் குற்றங் காண்டற்குக் கூறியதன்று. தடுத்தாட்கொள்ளப்பெற்ற அவர் வரலாறு உலகுயிர்கட்கு வழிகாட்டவே அமைந்தது. அவ்வழியின் சிறப்பு, பிழைத்தபின் அவர் நின்ற நிலையில் விளங்குகின்றது. 'நீ அறிந்தே அன்றோ இசைந்தாய். பிழை என்னதன்று' என வாதிடற்கு அவரினும் ஏற்ற உரிமையுடையார் பிறரில்லை. இறைவனுக்குத் தோழர் அவர். தோழமை உரிமையால் பிழை பொறுக்கவில்லையே என நொந்தார், வேண்டினார், வன்மையாகவும் உரைத்தார். பிழை தமதன்று என்று மட்டும் உரைத்தாரல்லர். பொறுத்தருள்க என வேண்டுபவன் செய்தவன் தானே என ஒப்புக்கொண்டவனாவான். அவ்வொப்புதலின் வழியே கச்சியில் இடக்கண்ணும், காவிரிக் கரையிலுள்ள திருத்துருத்தியில் உடற்பிணி நீக்கமும், திருவாரூரில் வலக்கண்ணும் வந்தன.

இனி, திருவாரூரைப் போன்றே காவிரி நாட்டுத் தலமாகிய திருப்புகலூரை நோக்குக. அங்குத் திருநாவுக்கரசர் முதுமையில் உழவாரத் தொண்டு செய்துகொண்டிருந்தார். உழவாரம் பட்ட இடந்தோறும் பொன்னும் மணியும் ஒளிர்ந்தன. அவர் அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒப்ப நோக்கி, வாரிக் குளத்தில் எறிந்தார். அவர் எறிவார் என்பதையும் இறைவன் அறிவான். பின்னர்ச் சோதனை எதற்கு? அறியாதவன் அறிதற்குச் செய்வது உலகச் சோதனை. இறைவன் செய்வது, உயிரின் நிலை உயிருக்கும் உலகிற்கும் விளங்குதற்பொருட்டு. ஒரே முற்றறிவின்முன் ஒருவர் சூள் பிழைத்தார். மற்றொருவர் பொன்னை எறிந்தார். முற்றறிவே செயலுக்குக் காரணமாயின் இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? ஒளி ஒன்று. அதன்கண் நின்றவர் நாட்டம் வேறு.

இனித் தொடக்கத்திற் கூறிய மூவரை நோக்குவோமாயின், அவர் பிழை எளிதிற் புலனாகும். சோம்பியிருப்பவன் பிராரத்தத்தையும் ஆகாமியத்தையும் ஒன்றாக்குகின்றான். விளைவு அவன் கையிலில்லை என்பது மெய். விதைப்பு அவன் கையில் உள்ளது. கவர்ந்தவனுக்கு ஓர் உரைகல் உண்டு. தான் அறஞ் செய்து பெற்ற புகழையும் அவன் அவ்வாறே இறைவன் செயல் என விட்டுவிடுகின்றானா? புகழைத் தனதென்றும் பழியை இறைவனதென்றும் பகுப்பவன் வாயில் அப்பழமொழி பொய்யாகின்றது.

மூன்றாமவனே கொடியன். பிறர் துன்பத்திற்கு வினை காரணம் என்பது அத்துன்பத்தைத் துடையாமைக்குக் காரணமாகாது. பசித்தவன் பசி அவன் பிராரத்தமாயின், அவன்முன் சோற்றுடன் நிற்கும் வாய்ப்பு உடையவனுக்கு வந்த பிராரத்தம். இடுதலும் இடாமையும் அவனது ஆகாமியம். திருவாரூரில் அரசிளங்குமரன் தேர்க்காலிற் கன்று மடிந்தபோது, கன்றின் விதி அது எனக் கூறி அமைதல் மனுவேந்தனுக்கு எளிது. அவன் அதனை நாடவில்லை. அமைச்சர் காட்டிய கழுவாயையும் ஏற்கவில்லை. ஆன் உற்ற துயரைத் தானும் உறுதலே தனக்குரிய அறம் எனத் துணிந்தான். அத்துணிவுக்கே வீதிவிடங்கப் பெருமான் எதிர்வந்து காட்சி நல்கினான்.

மனுவேந்தனது நாட்டிலேயே பின்னைக் காலத்தில், பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பண்ணையாட்களின் வறுமையை அவர் தலைவிதி என்று கூறிக் கடந்தோர் பலர். 1952-ஆம் ஆண்டில் தஞ்சைக்கெனக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒன்றினால் தளரத்தக்க கட்டு, அதற்கு முன்னரும் நெஞ்சம் உடையார் தளர்த்தத்தக்கதாகவே இருந்தது. தளர்த்தாதிருந்தது மாந்தர் மனம். அதற்கு இறைவனது முற்றறிவைச் சான்றாகக் காட்டுதல் சிவநிந்தையின் பாற்படும்.

அங்ஙனமாயின், எல்லாம் அவன் செயல் எனக் கூறுதல் தவறோ எனின், அன்று. அது நெறியின் தொடக்கத்தில் நிற்பான் கூறும் சாக்கு அன்று. முடிவில் நிற்பான் எய்தும் நிலை. அருளோடு ஒன்றி இறைபணியில் வழுவாது நிற்றலைச் சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் அறிவுறுத்துகின்றது. பணியில் நின்றவனுக்கே அச்சொல் உரியது. தீமை செய்யவும் வல்லதாதலே உரிமையின் நிறைவு எனக் கருதுவாரும் உளர். தன்வயத்தனாகிய இறைவன்பால் தீமை இல்லை. அதனால் அவன் உரிமை குறைந்தானும் அல்லன். பாசம் நீங்குமளவு உயிரின் உரிமை வளர்கின்றது. முற்றும் நீங்கியவழி அவ்வுரிமை திருவருளின்கண் அடங்கி இன்புறுகின்றது. அவ்வடிமையே முழு விடுதலை.

இறைவன் ஆட்டுவிக்க யாவும் ஆடும் எனப் பாடியருளிய நாவுக்கரசர் திருக்கையில் இறுதிகாறும் உழவாரம் இருந்தது. பாட்டும் உழவாரமும் அவர்பால் முரணவில்லை. எல்லாம் அறிந்தவன் காண்கின்றான் என்னும் தெளிவு அவரைப் பணியினின்று நீக்கவில்லை. திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கச் செய்தது. அத்தெளிவுடையார் கையிலும் ஒரு கருவி இருத்தல் வேண்டும். அது மண்வெட்டியாகலாம், எழுதுகோலாகலாம், பசித்தார்க்குச் சோறிடும் அகப்பையாகலாம். கை ஓய்ந்திருக்க வாய் மட்டும் அவன் செயல் என்னுமாயின், அவ்வாய்மொழியையும் இறைவன் அறிவான்.

திருச்சிற்றம்பலம்.